புரட்டாசியில் வயலும் மேய்ச்சல் நிலமும்: மழைக்கு முன் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறக்குறைய 920 மில்லிமீட்டர். அதில் கிட்டத்தட்டப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே தருகிறது. நெல், மானாவாரிப் பயிர், மாட்டுத் தீவனம், ஆட்டு மேய்ச்சல் ஆகிய நான்கையும் ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ளும் பண்ணைகளில் புரட்டாசி மாதம் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

புரட்டாசியில் முதலில் எந்த வேலையைப் பார்ப்பது?

மழை பிடித்துக்கொண்ட பிறகு செய்ய முடியாத வேலை எதுவோ அதையே முதலில் பார்க்க வேண்டும். களையெடுப்பையும் மேலுரத்தையும் ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். வடிகால் வெட்டுவது, வரப்பைப் பலப்படுத்துவது, வைக்கோலை நனையாமல் போர் போடுவது, ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது ஆகியவற்றை ஐப்பசிக்குத் தள்ளிவிட்டால் பிறகு அவற்றுக்கு வேளையே வராது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் ஒரு வாரம் முந்தும், சில ஆண்டுகளில் நவம்பர் வரை இழுக்கும். எனவே புரட்டாசி முடியும் அக்டோபர் 17-ஐக் கடைசி நாளாக மனத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

சம்பா நாற்று விடத் தாமதமாகிவிட்டது. இனி எந்த வயதுடைய ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

இதில் ரகத்தின் பெயரைவிட நாள் கணக்குக்கே முதலிடம் தர வேண்டும். சி.ஆர். 1009 போன்ற 155 நாள் ரகத்தைச் செப்டம்பர் 20-இல் நாற்று விட்டால், அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்னதாக, அதாவது ஜனவரி நான்காம் வாரத்தில்தான் அது பூக்கும். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் விடுவது வழக்கமாக ஜனவரி 28-இல் நிறுத்தப்படுகிறது. பால் பிடித்து மணி முற்றும் நாட்களில் வாய்க்கால் காய்ந்து கிடந்தால் கதிர் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை, பதர்தான் மிஞ்சும். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம். கடைமடைப் பகுதியில் வாய்க்காலை மட்டுமே நம்பியிருப்பவர்கள் செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நீண்ட கால ரகத்தை விதைக்காமல் இருப்பது நல்லது.

130 முதல் 135 நாள் வரையிலான மத்திய கால ரகம் செப்டம்பர் 20-இல் விதைக்கப்பட்டால் ஜனவரி தொடக்கத்தில் பூத்து, பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். டி.கே.எம். 13, ஆடுதுறை 54 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. குறுவை அறுத்த வயலில் தாளடி போடுபவர்களும் இந்த வயதுக்கு மேல் போக வேண்டாம். அக்டோபரும் பாதி கடந்துவிட்டால், 105 முதல் 110 நாள் வரையிலான கோ 51 போன்ற குறுகிய கால ரகமே கைகொடுக்கும். ஆனால் அந்தப் பயிரின் இளம் பருவம் கனமழை நாட்களில் விழும் என்பதால், வடிகால் வசதி இல்லாத பள்ளக்கால் வயலுக்கு அது பொருந்தாது.

நாற்றங்காலில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். விதையளவு மத்திய கால ரகத்துக்கு 16 கிலோ, நீண்ட கால ரகத்துக்கு 12 கிலோ, குறுகிய கால ரகத்துக்கு 24 கிலோ. விதையை நெருக்கிக் கொட்டினால் நாற்று மெலிந்து வளரும், நட்ட பிறகு நான்கு நாள் நீரில் நின்றாலே சாய்ந்துவிடும். ஐப்பசி மழையில் பிழைத்து நிற்பது தடித்த, குட்டையான நாற்றுதான்.

பொக்கு விதையை நீக்க உப்புக் கரைசலே எளிய வழி. வாளி நீரில் ஒரு புதிய கோழிமுட்டையை இட்டால் அடியில் போய்க் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை எழும்பி, அதன் ஓடு ஒரு நாணயத்தின் அளவுக்கு நீருக்கு மேல் தெரியும். கரைசலுக்குப் பதம் அதுவே. அதில் விதையைக் கொட்டிக் கலக்கி, மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ள வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடி கலந்து ஊறவைத்தால் குலைநோய் முதலியவை தொடக்கத்திலேயே மட்டுப்படும்.

மத்திய கால ரகத்தின் நாற்றை 25 முதல் 30 நாளுக்குள்ளும், நீண்ட கால ரகத்தின் நாற்றை 30 முதல் 35 நாளுக்குள்ளும் பறித்து நட்டுவிட வேண்டும். வயது கடந்த நாற்றைத்தான் நட வேண்டியிருக்கிறது என்றால் குத்துக்கு ஓரிரு நாற்று கூட்டி, நெருக்கமாக நடலாம். அதற்காக அடியுரத் தழைச்சத்தை வாரி இறைப்பது பயன் தராது.

கனமழையில் வயல் மூழ்கும் என்று தெரிந்தே பயிர் செய்கிறோம். முன்கூட்டியே என்ன செய்யலாம்?

நீர் வயலுக்குள் வரும் வழி எல்லோருக்கும் தெரியும். வெளியேறும் வழி எது என்று கேட்டால் பலருக்கு உடனே பதில் வராது. புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் வயலின் கடைசி மடையிலிருந்து ஊர் வடிகால் வரை, அங்கிருந்து ஆறோ ஏரியோ உள்ள இடம் வரை நடந்து பாருங்கள். ஆகாயத்தாமரை அடைத்த இடம், பாலத்தடியில் மண் மேவிய இடம், யாரோ தற்காலிகமாகப் போட்டு எடுக்காமல் விட்ட மண்மூட்டை ஆகியவை அப்போதுதான் கண்ணில் படும். ஒரு வயலின் வடிகாலை மட்டும் வெட்டினால் நீர் பக்கத்து வயலில் போய் நிற்கும். ஆகவே ஒரே வடிகாலை நம்பியிருக்கும் வயல்காரர்கள் சேர்ந்து ஆள்விட்டுத் தூர்வாருவதே சரி. பெரிய வடிகாலாக இருந்தால் நீர்வளத்துறைக்கும் ஊராட்சிக்கும் செப்டம்பரிலேயே எழுத்து மூலம் தெரிவித்து, மனுவின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

வயலின் உள்ளே நான்கு ஓரங்களிலும் ஒரு சிறு கால் எடுத்து மடையோடு இணைத்தால், மழை விட்ட சில மணி நேரத்தில் மேல்நீர் வடிந்துவிடும். வரப்பில் எலிவளை இருந்தால் மழைக்கு முன்பே வெட்டி அடைத்துவிடுங்கள். வரப்பை ஒடுக்கி வைத்தால் எலி வளை தோண்ட இடம் குறையும். எலி பிடிக்கும் தஞ்சாவூர்க் கிட்டிகளை இந்த மாதத்திலேயே வைத்துவிட்டால் கதிர் வரும் பருவத்தில் சேதம் வெகுவாகக் குறையும்.

ஆண்டுதோறும் மூழ்கும் வயல் என்றால் ரகத்தையே மாற்றிவிடலாம். சி.ஆர். 1009 சப் 1, சுவர்ணா சப் 1 ஆகியவற்றில் வெள்ளத்தைத் தாங்கும் மரபணு சேர்க்கப்பட்டுள்ளது. சாதாரண நெல் நீரில் மூழ்கினால் மேலே எட்டிப் பிடிக்கத் தண்டை நீட்டி, சேமித்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்துவிட்டு மடியும். சப் 1 ரகமோ வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைக் காத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு வாரம் வரை தாங்கும், நீர் வடிந்ததும் புதிதாகத் துளிர்க்கும். மூழ்கியிருக்கும் நீர் கலங்கலாக இருந்தால் இந்த நாட்கணக்கு குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூழ்கிய பயிரில் நீர் வடிந்தவுடன் யூரியா போடலாமா?

வடிந்த அன்றே போட வேண்டாம். வேர் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது கொடுக்கும் உரத்தைப் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் நீரை முழுவதும் வடித்து, வேர்ப்பகுதியில் காற்றுப் படவிட்டு, புதிய இலை தெரிகிறதா என்று பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் பயிர் பிழைத்துவிடும். அதன் பிறகு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, சீராக நீர் வைத்த வயலில் இட வேண்டும். வேப்பம் புண்ணாக்கு தழைச்சத்தை மெதுவாக வெளிவிடச் செய்கிறது.

இலை வெளிறி, நடுப்பகுதியில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகப் பற்றாக்குறையாக இருக்கலாம். அதற்கு 200 லிட்டர் நீரில் ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் கரைத்து ஏக்கர் முழுவதும் தெளிக்கலாம். நடவின்போதே ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவியிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரத்தோடு அதைக் கலந்துவிடக் கூடாது.

புகையான் ஆண்டுதோறும் வருகிறது. மருந்தடித்தும் அடங்குவதில்லையே?

நெல் தூரின் அடியில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் பெருகுவதற்கு நெருக்கமான நடவும் கூடுதல் தழைச்சத்தும் வடியாத நீரும் துணை நிற்கின்றன. நடும்போதே எட்டடிக்கு ஒருமுறை ஓர் அடி இடைவெளி விட்டுப் பட்டம் பிரித்தால் தூரின் அடிவரை வெயிலும் காற்றும் போகும். இதனால் இடம் வீணாகிறது என்று பலர் தயங்குகிறார்கள். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் மருந்து தெளிப்பவர் உள்ளே போகவும் வழி இருக்காது, தெளித்த மருந்து பூச்சி இருக்கும் அடித்தூரை எட்டவும் செய்யாது.

காலையில் ஒரு குத்தைச் சற்றுச் சாய்த்து, அடியில் நீர்மட்டத்துக்கு மேல் பாருங்கள். தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தியாவது தென்பட்டால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், ஏனென்றால் சிலந்தியே வேலையைப் பார்த்துவிடும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் சிலந்தியும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் அழிந்து புகையான் முன்னைவிடப் பெருகும். ‘அடித்தும் அடங்கவில்லை’ என்பதற்குப் பல வயல்களில் இதுவே காரணம். முதலில் நீரை வடித்துவிட்டு, எந்த மருந்து என்பதை வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டுத் தெளிப்பது நல்லது. கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

கரிசல் மானாவாரியில் மழைக்கு முன்பே விதைப்பது சரியா?

தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் கரிசல் நிலத்துக்கு அது சரியான முறைதான். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால், கரிசல் மண் சேறாகிக் கால் வைக்க முடியாமல் போகும். ஏர் இறங்கும் பதம் வருவதற்குள் முதல் மழையின் ஈரத்தில் பாதி போய்விடும். முன்பருவ விதைப்பில் சோள விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டால், சிறு தூறலுக்கு அது அசையாமல் கிடந்து, 15 முதல் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால்தான் முளைக்கும். ஆழம் குறைந்த விதை தூறலில் முளைத்துவிட்டு, அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். கை விதைப்பில் ஆழம் சீராக அமையாது என்பதால் விதைப்புக் கருவியைப் பயன்படுத்துவது மேல்.

விதையைக் கடினப்படுத்துவதும் அவசியம். சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், கிலோவுக்கு 350 மில்லிலிட்டர் என்ற அளவில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் செய்த வேலை வீண்.

மக்காச்சோளத்தில் படைப்புழுவை இந்த ஆண்டாவது தடுக்க முடியுமா?

அமெரிக்கன் படைப்புழு 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதிலிருந்து பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் பகுதி மக்காச்சோள விவசாயிகளுக்கு அது ஓயாத கவலையாகவே இருக்கிறது. அதை அறவே ஒழிக்க முடியாவிட்டாலும் இழப்பைக் குறைக்க முடியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவது, வரப்பு ஓரத்தில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி ஆகியவற்றில் ஒன்றை விதைப்பது, ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைப்பது ஆகிய மூன்றும் பலன் தருகின்றன. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக விதைத்தால் புழு ஒரு வயலில் வளர்ந்து, அடுத்த வயலின் இளம் பயிருக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து குருத்தைப் பிரித்துப் பாருங்கள். இலையில் வரிசையாகச் சன்னல் போன்ற வெள்ளைத் தேய்ப்புகளும், குருத்துக்குள் மரத்தூள் போன்ற ஈரக் கழிவும் இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. மருந்தைக் குருத்துக்குள் இறங்கும்படி, காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். இலையின் மேல் மட்டும் படும் மருந்தால் பயனில்லை.

குறுவை நெல்லும் வைக்கோலும் மழையில் மாட்டிக்கொள்கின்றன. என்ன வழி?

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்தின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். அரசு தளர்வு அளிக்கும் ஆண்டுகள் உண்டு என்றாலும், அதை நம்பி ஈர நெல்லைக் குவித்து வைத்தால் இரண்டே நாளில் முளைவிடும். தார்ப்பாய் இரண்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அடியில் விரிக்க, ஒன்று மேலே போர்த்த.

வைக்கோலுக்கு நெல்லுக்குத் தரும் மரியாதையை யாரும் தருவதில்லை. அடுத்த தைவரை மாடு எதைத் தின்னும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ உலர்தீவனம் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு 540 கிலோ வேண்டும். மூன்று மாடு இருந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல். மேடான இடத்தில் கல்லோ கட்டையோ போட்டு, அதன்மேல் போர் போட்டு, உச்சியைக் கூம்பாக அமைத்து மூடினால் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த வைக்கோலை உதறிப் போட்டாலும் ஆபத்து நீங்காது. சினை மாட்டுக்கு அதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

சத்துக் குறைந்த வைக்கோலை யூரியா ஊட்டி மேம்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். எடுத்தவுடன் கொடுக்காமல் சற்று நேரம் காற்றாட விரித்து, நெடி குறைந்த பிறகு கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. யூரியாவை நேரடியாகத் தீவனத்திலோ தண்ணீரிலோ கலப்பது மாட்டின் உயிருக்கே ஆபத்து.

முதல் மழையில் மேய்ச்சல் நிலம் பச்சை கட்டியதும் ஆடு மாடுகளை விடலாமா?

பொறுக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் ஓராண்டு விளைச்சலைத் தீர்மானிப்பது இந்தச் சில வாரங்கள்தான். கோடையிலும் ஆடியிலும் அடிவரை மேய்க்கப்பட்ட புல், முதல் மழைக்குத் துளிர்க்கும்போது வேரில் மீதமிருக்கும் சத்தைச் செலவழித்தே துளிர்க்கிறது. அந்தத் துளிரை உடனே கடிக்கவிட்டால் வேருக்குத் திருப்பிச் செலுத்த எதுவும் இராது, இரண்டு மூன்று ஆண்டில் கொழுக்கட்டைப்புல் மறைந்து அந்த இடத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொள்ளும். புல் ஒரு சாண் உயரம் வளர்ந்த பிறகு மேயவிட்டு, நான்கு விரற்கடை உயரம் மிச்சம் இருக்கும்போதே மந்தையை அடுத்த பட்டிக்கு மாற்றுவது நல்ல முறை.

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் காடுகளில் இந்த அறிவு தலைமுறைகளாக இருக்கிறது. முள்கிளுவை உயிர்வேலியால் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். வெள்வேல மரங்கள் நிழலும் தருகின்றன. அவற்றின் காய்கள் கோடைத் தீவனமும் ஆகின்றன. காங்கேயம் மாடுகள் இத்தகைய நிலத்தில்தான் வளர்ந்து பெயர் பெற்றன. மற்ற மாவட்டத்தார் இதை அப்படியே பின்பற்ற முடியாவிட்டாலும், நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றை ஐப்பசி முழுவதும் அடைத்து வைப்பது எவராலும் முடிந்த காரியம். அடைத்த பகுதியில் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் விதைத்துவிட்டால், அடுத்த ஆண்டுக்கு அது நல்ல மேய்ச்சலாகிவிடும். விதைக்கத் தோதான ஈரம் கிடைப்பதும் இப்போதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டினியில் இருந்த ஆடுகள் மழைக்குப் பின் இளம்புல்லை அளவுக்கு மீறித் தின்னும்போது, குடலில் இயல்பாக இருக்கும் நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. நன்றாக இருந்த குட்டி துள்ளி விழுந்து சாகும் துள்ளுமாரி நோய் அப்படித்தான் வருகிறது. காலையில் சிறிது உலர்தீவனம் கொடுத்து, பனி விலகிய பிறகு முதல் சில நாள் ஓரிரு மணி நேரம் மட்டும் மேயவிட்டுப் பழக்க வேண்டும்.

அறுத்த தூரிலிருந்து மறுதாம்புச் சோளம் துளிர்த்திருக்கிறது. மாட்டை விட்டால் ஆபத்து என்கிறார்களே?

உண்மைதான், இதை மிகுந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இளஞ்சோளத்தில் உள்ள ஒரு பொருள், மாட்டின் வயிற்றில் சயனைடு நஞ்சாக மாறுகிறது. வறட்சியில் வாடி நின்ற சோளமும், மழை பெய்ததும் அடித்தூரிலிருந்து கிளம்பும் தளிரும் மிகவும் ஆபத்தானவை. முழங்கால் உயரத் தளிரைப் பசியோடு மேயும் மாடு கால் மணி நேரத்துக்குள் மூச்சிரைத்து, தள்ளாடி, விழுந்துவிடக்கூடும்.

தீவனச் சோளத்தைப் பூத்த பிறகே அறுத்துப் போட வேண்டும். மறுதாம்பு உள்ள காட்டில் மாட்டை அவிழ்த்துவிடவே கூடாது. பக்கத்துக் காட்டில் மேயும்போது கயிறு அறுத்துக்கொண்டு போகாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டையில் நஞ்சு பெருமளவு குறைந்துவிடும். சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளி இலைக்கும் தோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அறிகுறி தெரிந்தால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழையுங்கள். மாற்று மருந்து ஊசி உண்டு; அதை உடனே போட்டால்தான் மாடு பிழைக்கும்.

இப்போது எந்தப் பசுந்தீவனத்தை விதைக்கலாம்?

நிலத்தைப் பொறுத்தது. வடிகால் உள்ள இறவை நிலத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். ஏக்கருக்குச் சுமார் 13,300 கரணைகள் பிடிக்கும். முதல் அறுவடை 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நீர் தேங்கும் இடத்தில் இது அழுகிவிடும் என்பதால் அங்கே நீர்ப்புல் நடுவதே பொருத்தம். கோவை, ஈரோடு போன்ற உள்மாவட்டங்களில் குதிரைமசாலை அக்டோபரில் ஏக்கருக்கு 8 கிலோ விதைத்துவிட்டால் குளிர்காலம் முழுவதும் புரதம் நிறைந்த தீவனம் கிடைக்கும். மானாவாரியில் தீவன மக்காச்சோளம் மூன்று வரிசைக்குத் தட்டைப்பயறு ஒரு வரிசை என்று கலந்து விதைக்கலாம்.

ஒரே நாளில் முழு நிலத்திலும் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாக விதைத்தால், ஒரே சமயத்தில் முற்றிப்போகாமல் தொடர்ந்து அறுக்கலாம்.

ஆடு மாடுகளுக்கு எந்தத் தடுப்பூசிகள் தேவை?

மாட்டுக்குக் கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி. செம்மறிக்கு இவற்றோடு நீலநாக்கு. ஊசி போட்ட இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எதிர்ப்புச் சக்தி உண்டாகும் என்பதால், மழை தொடங்கிய பிறகு போடும் ஊசி பெரும்பாலும் தாமதமானதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும், குடற்புழு நீக்க மருந்தை அதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடலாம்.

நீலநாக்கு நோயைப் பரப்புவது சேற்றில் பெருகும் சிறு கடி ஈக்கள். மாலையில் பட்டியைச் சுற்றி வேப்பிலைப் புகை போடுவதும், பட்டி மேட்டில் இருப்பதும் உதவும். குளக்கரைப் புல்லை மேயும் ஆடுகளுக்கு நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழு வரும். மழைக்காலத்தில் நீர் ஓரத்தை விட்டு விலகி மேய்ப்பது நல்லது.

வாழை, தென்னைக்கு?

குலை தள்ளிய வாழைக்குச் சவுக்கோ மூங்கிலோ முட்டுக் கொடுத்து, அடியில் மண் அணைக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைப்பாரம் குறையும். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் தஞ்சாவூர், புதுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் கிடந்த கிடையைக் கண்டவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

பயிர்க் காப்பீட்டை எப்போது, எப்படிச் செய்வது?

சம்பா நெல்லுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. நீட்டிப்பு வரும் என்று காத்திருக்காமல் நட்டவுடன் பதிவு செய்துவிடுங்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமும், ஆண்டு வணிகப் பயிர், தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதமும் விவசாயியின் பங்கு. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றுடன் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொதுச் சேவை மையம் ஆகிய எதிலும் பதியலாம். 2020-லிருந்து கடன் பெற்றவர்களுக்கும் இது விருப்பத்துக்கு உரியதே. ஆகவே கடன் வாங்கியதாலேயே காப்பீடும் சேர்ந்திருக்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

ரசீதில் கிராமத்தின் பெயரும் புல எண்ணும் பரப்பும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். மகசூல் இழப்பு கிராம அளவில் நடத்தப்படும் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், கிராமம் தவறினால் இழப்பீடும் தவறிப்போகும். அறுத்து வயலில் காயப்போட்டிருக்கும் பயிர் 14 நாளுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ சேதமடைந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டிலிருந்து தனியே, அரசின் பேரிடர் நிவாரணம் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்குக் கிடைக்கும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் வயலைப் பார்த்துக் கணக்கெடுப்பார்கள். நீர் நிற்கும்போதே, வயலின் அடையாளம் தெரியும்படி தேதியுடன் படம் எடுத்து வைத்திருந்தால் கணக்கெடுப்பின்போது காட்டலாம்.